பைக்கின் உயரத்தைக் குறைத்தால் உண்மையில் எது குறைகிறது?

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நானும் என் சித்தி மகனும் சுண்டல் வாங்க இருபது அடி நடந்திருப்போம். பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அவனுடைய பழைய யமஹா ஆர்15 பைக் வலது பக்கமாக விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. ஆடி மாதக் கச்சான் காற்று மட்டும்தான். வண்டியை மூடிய பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கில் நீளமாக ஒரு கீறல், முன் பிரேக் லிவரின் முனை உடைந்து காணவில்லை.

"சைடு ஸ்டாண்டு சரியாத்தாண்ணே போட்டேன்" என்றான். சரியாகத்தான் போட்டிருந்தான். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பட்டறையில் வண்டியின் உயரத்தைக் குறைத்திருந்தான். தம்பி ஐந்தடி மூன்று அங்குலம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் உட்கார்ந்தால் கால் நுனி மட்டும்தான் தரையைத் தொடுகிறது என்பது அவனுக்குப் பெரிய மனக்குறை. பின்னால் 30 மி.மீ., முன்னால் 20 மி.மீ. இறக்கிக் கொடுத்தார்கள். கால் எட்டியது. வண்டியும் ரேஸ் வண்டி மாதிரி பதுங்கி நின்றது. வேறு எதுவும் மாறவில்லை என்று அவனும் நம்பினான், இறக்கியவர்களும் நம்பினார்கள்.

இந்த 'லோயரிங்' பற்றி நம் பக்கத்து டீக்கடைகளில் மூன்று பேச்சு உண்டு. தாழ்த்தினால் வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகும் என்பது ஒன்று. ஸ்பிரிங்கை இறுக்கினால் கடினமாகும், தளர்த்தினால் மெத்தென்று ஆகும் என்பது இன்னொன்று. ரேஸ் வண்டியெல்லாம் தாழ்வாகத்தானே இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றிலுமே கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நாளாக உயிரோடு இருக்கின்றன. என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். ஸ்பேனர் பிடித்த அனுபவம் தேவையில்லை.

வல்லத்தின் பலகை

கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு வல்லத்தைப் பாருங்கள். ஏறி உள்ளே குதிக்கவே சிரமப்படும் அளவுக்குப் பக்கப் பலகை உயரமாக இருக்கும். கரையில் நிற்பவருக்கு அது வீண் உயரம். கடலில் ஆளும் வலையும் ஐஸும் மீனும் ஏறிய பிறகு பார்த்தால் கதை வேறு. பாரத்துக்குப் படகு இறங்குவதற்கு ஒரு பங்கு, அலை எழும்பும்போது தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதற்கு ஒரு பங்கு என்று அந்த உயரம் முழுவதும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பைக்கின் உயரமும் அப்படித்தான். அது சும்மா கிடக்கும் புறம்போக்கு இல்லை. மூன்று இடங்கள் அதில் அடங்கியிருக்கின்றன. முதலாவது, சக்கரம் மேலும் கீழும் போய்வர சஸ்பென்ஷனுக்குள் இருக்கும் தூரம். இரண்டாவது, சக்கரம் முழுதாக மேலே வந்தாலும் டயர் எதிலும் உரசாமல் இருக்க விட்டிருக்கும் இடைவெளி. மூன்றாவது, வண்டியின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. எந்த வழியில் உயரத்தைக் குறைத்தாலும் இந்த மூன்றில் எதிலிருந்தோ எடுத்துத்தான் உங்கள் காலுக்குக் கொடுக்க முடியும். எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் முழு விஷயமும். அதைப் பார்க்க முதலில் ஸ்பிரிங்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மீன் தராசும் ஸ்பிரிங்கும்

ஏலக் கூடத்தில் தொங்கும் ஸ்பிரிங் தராசைப் பார்த்திருப்பீர்கள். கொக்கியில் ஒரு கிலோ மாட்டினால் முள் ஒரு கோடு இறங்கும், இரண்டு கிலோவுக்கு இரண்டு கோடு. பைக்கின் ஸ்பிரிங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது, இழுபடுவதற்குப் பதிலாக அமுங்குகிறது, அவ்வளவே. இவ்வளவு எடைக்கு இவ்வளவு தூரம் என்பது அந்த ஸ்பிரிங்கின் பிறவிக் குணம். கம்பி எவ்வளவு தடிமன், எத்தனை சுற்று, சுற்று எவ்வளவு அகலம் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

தராசின் தலையில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர. அதைத் திருகினால் முள் நிற்கும் இடம் மாறும். ஆனால் கிலோவுக்கு ஒரு கோடு என்பது மாறாது. திருகாணியைத் திருகித் தராசைக் 'கடினமாக்க' முடியாது. இந்தத் திருகாணியை நினைவில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி அடுத்த ஊர் வரை குதித்துக்கொண்டே போகும். அதை அடக்க எண்ணெய் இருக்கிறது. துடுப்பைத் தண்ணீருக்குள் மெதுவாக நகர்த்தினால் லேசாகப் போகும், வேகமாக இழுத்தால் தண்ணீர் எதிர்த்துப் பிடிக்கும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது இதே எதிர்ப்புத்தான் கிடைக்கிறது. இதன் பெயர் டேம்பிங். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டேம்பிங் அசைவை எதிர்க்குமே தவிர எடையைத் தாங்காது. நிற்கும் வண்டியின் உயரத்துக்கும் எண்ணெய்க்கும் பெரிய சம்பந்தம் இல்லை. "ஆயில் மாத்தினா வண்டி கொஞ்சம் ஏறும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

உட்கார்ந்ததும் இறங்குவது எதற்கு?

சக்கரம் அடியோடு தொங்கும் நிலையிலிருந்து முழுதாக அமுங்கும் நிலை வரை உள்ள தூரத்துக்கு டிராவல் என்று பெயர். இந்த வகை ஸ்போர்ட் வண்டிகளில் இது ஏறத்தாழ 120 முதல் 130 மி.மீ. வரை இருக்கும். வண்டியின் சொந்த எடையும், ஏறி உட்கார்ந்த உங்கள் எடையும் சேர்ந்து அதில் ஒரு பகுதி அமுங்கிவிடுகிறது. அப்படி அமுங்கும் அளவு சேக். டிராவலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சேக் இருப்பதுதான் வழக்கமான அமைப்பு.

உட்கார்ந்ததும் 35 மி.மீ. வீணாகிவிட்டதே என்று தோன்றலாம். வீணாகவில்லை. மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் வேண்டும், சரி. பள்ளம் வந்தால்? சக்கரம் கீழே இறங்கிப் பள்ளத்தைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த இறங்கும் தூரத்தைத் தருவதுதான் சேக். சேக்கே இல்லாத வண்டி ஒவ்வொரு சின்னப் பள்ளத்திலும் ஒரு கணம் காற்றில் பறக்கும்.

பாம்பன் பாலத்தில் சாலையின் இணைப்புகளைக் கடக்கும்போது டக் டக்கென்று வரும் அடியைக் கவனித்திருப்பீர்கள். நல்ல சஸ்பென்ஷனில் அது காலுக்கு மட்டும் தெரியும். மீதம் இல்லாத சஸ்பென்ஷனில் முதுகெலும்புக்குத் தெரியும்.

இதுவரை பார்த்தது: ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, எண்ணெய் குதிப்பை அடக்குகிறது. சக்கரம் போய்வரும் மொத்தத் தூரம் டிராவல். வண்டியின் எடைக்கும் நம் எடைக்கும் அதில் செலவாவது சேக், மீதி ரோட்டுக்கு.

திருகாணி திரும்ப வருகிறது

ஸ்பிரிங்கை வண்டியில் மாட்டும்போதே கொஞ்சம் அமுக்கித்தான் மாட்டியிருப்பார்கள். அந்த முன்கூட்டிய அமுக்கத்துக்கு ப்ரீலோடு என்று பெயர். பல்சர் 220 போன்ற வண்டிகளில் பின் ஷாக்கின் அடியில் படிப்படியாகத் திருகும் ஒரு வளையம் உண்டு, அது இதைத்தான் மாற்றுகிறது. ஐந்தாவது படிக்கு வைத்தால் "கடினமாகிவிட்டது" என்பார்கள். ஆகவில்லை. தராசின் திருகாணியைத் திருகியிருக்கிறோம். வண்டி நிற்கும் இடம் உயர்ந்திருக்கிறது, சேக் குறைந்திருக்கிறது. ஒரு மி.மீ. அமுக்க எவ்வளவு எடை வேண்டுமோ அது அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் ப்ரீலோடைக் குறைத்தால் வண்டி தாழுமே? தாழும். செலவில்லாத வழி, இருப்பதிலேயே எளிது. ஆனால் எதிலிருந்து எடுக்கிறோம்? டிராவலிலிருந்து. முழுதாக அமுங்கும் நிலை எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. நாம் அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். 125 மி.மீ. டிராவலில் சேக் 35 என்றால் ரோட்டுக்கு 90 மீதி. ப்ரீலோடைத் தளர்த்தி 15 மி.மீ. இறக்கினால் மீதி 75. தனியாக மெதுவாக ஓட்டும் ஒல்லியான ஆளுக்கு இது ஒத்துப்போகலாம். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம் ரோட்டில் போனால் முதல் பெரிய பள்ளத்திலேயே 'டம்' என்று அடி தட்டும்.

முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மீன்பெட்டி தள்ளும் வண்டியின் சின்னச் சக்கரத்தைக் கவனியுங்கள். அது தொங்கும் முளைக்கு நேர் கீழே சக்கரம் தரையைத் தொடாது, சற்றுப் பின்தள்ளித்தான் தொடும். அதனால்தான் நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானாகத் திரும்பி, பின்னால் இழுபட்டுக்கொண்டே நேராக வருகிறது. பைக்கின் முன் சக்கரத்திலும் இதே ஏற்பாடுதான். ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடு போட்டுத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்த இடைத்தூரத்துக்கு டிரெயில் என்று பெயர். ஹேண்டில் அச்சு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ரேக். ரேக் குறைந்தால் டிரெயிலும் குறையும்.

டிரெயில் அதிகமானால் வண்டி நேராகப் போக ஆசைப்படும், திருப்பக் கொஞ்சம் அதட்ட வேண்டும். குறைந்தால் சட்டென்று திரும்பும், ஆனால் வேகத்தில் ஹேண்டில் லேசாக அலையும்.

இப்போது வண்டியை ஒரு வல்லம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அணியத்தில் பாரம் ஏற்றினால் மூக்கு இறங்கும், அமரத்தில் ஏற்றினால் மூக்கு தூக்கும். படகு அதே படகுதான், சுக்கான் பேச்சைக் கேட்கும் விதம் மாறிவிடும். பைக்கில் முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் மொத்த வண்டியும் மூக்கைக் குத்திச் சாய்கிறது, ஹேண்டில் அச்சு செங்குத்தாகிறது, ரேக்கும் டிரெயிலும் குறைகின்றன. பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் இதற்கு நேரெதிர்.

எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். முதல் தலைமுறை ஆர்15 வந்தது 2008-இல். அதன் இரு சக்கர அச்சுகளுக்கிடையே தூரம் 1290 மி.மீ. முன்னால் 20 மி.மீ. இறக்கினால் வண்டி ஏறத்தாழ 0.9 டிகிரி சாய்கிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. ஆனால் 100 மி.மீ. டிரெயில் இருக்கும் ஒரு வண்டியில் இந்த 0.9 டிகிரியே ஐந்தாறு மி.மீ. டிரெயிலைத் தின்றுவிடும். பாம்பன் பாலத்தின் உச்சியில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது அந்த ஐந்தாறு மி.மீ. கையில் தெரியும்.

தம்பி முதல் நாள் பின்பக்கத்தை மட்டும்தான் இறக்கினான். அன்று ராத்திரி உச்சிப்புளியிலிருந்து வரும்போது எதிரே வந்த அத்தனை லாரியும் அவனைப் பார்த்து டிம் அடித்தது. 30 மி.மீ. பின்னால் இறங்கினால் ஹெட்லைட் சுமார் 1.3 டிகிரி மேலே பார்க்கிறது. 50 மீட்டர் தள்ளி வெளிச்சம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. லோ பீமிலேயே எதிரே வருபவர் கண்ணில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். மறுநாள்தான் முன்பக்கத்தையும் இறக்கினார்கள்.

சுருக்கமாக: இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கினால் ரேக், டிரெயில் பெரிதாக மாறாது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டிலின் குணம், ஹெட்லைட் இரண்டும் மாறும்.

இறக்கும் வழிகளும் அவை எடுக்கும் இடமும்

முன்பக்கத்தில் வழக்கமான வழி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடித்திருக்கும் மேல், கீழ் தட்டுகளின் போல்ட்டைத் தளர்த்தி, குழாயை மேலே தள்ளி மறுபடி இறுக்குவது. குழாயின் தலை மேல் தட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஃபோர்க்கின் உள்ளே எதையும் தொடவில்லை, டிராவல் அப்படியே இருக்கிறது. எடுக்கப்பட்டது இரண்டாவது இடத்திலிருந்து: பிரேக் பிடித்து ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயரும் மட்கார்டும் முன்பை விட 20 மி.மீ. மேலே வரும். அங்கே ரேடியேட்டரோ ஃபேரிங்கோ கீழ்த் தட்டோ இருந்தால் முட்டும். ஓடும் வண்டியின் முன் சக்கரத்தை ஏதாவது பிடித்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்பக்கத்தில் ஒற்றை ஷாக் வைத்த வண்டிகள் சிலவற்றில், ஷாக்குக்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்முக்கும் நடுவே நெம்புகோல் மாதிரி ஒரு இணைப்பு இருக்கும். அதில் இரண்டு சின்னப் பட்டைகள். பெரும்பாலான வண்டிகளில் அவற்றை எடுத்துவிட்டு நீளம் கூடிய பட்டைகளைப் போட்டால் பின்பக்கம் இறங்கும். சில மி.மீ. நீளம் கூட்டினாலே சக்கரத்தில் பல மடங்காக இறங்கும், நெம்புகோல் அல்லவா. அதனால் லேத்தில் குத்துமதிப்பாக அடித்துத் தரும் பட்டை எனக்குப் பிடிக்காத விஷயம். இங்கேயும் ஷாக்கின் நீளம் குறையவில்லை. ஆக, முழுதாக அமுங்கும்போது பின் டயர் சீட்டுக்கு அடியில் உள்ள மட்கார்டை நோக்கி இன்னும் மேலே வரும். கூடவே நெம்புகோலின் விகிதமும் மாறுவதால் அதே ஸ்பிரிங் பொதுவாக மென்மையாக வேலை செய்யும், சேக் கூடும். ஸ்பிரிங்கைத் தொடாமலே அதன் குணம் மாறிய மாதிரி தோன்றுவது இதனால்தான். செயினின் தொய்வையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் கோணம் மாறிய பிறகு பழைய அளவு செல்லாது.

இரண்டு பக்கமும் ஷாக் வைத்த வண்டி, பழைய கரிஸ்மா மாதிரி என்றால், நீளம் குறைந்த ஷாக் போடுவார்கள். அது டிராவலிலிருந்து எடுப்பது. ஒழுங்காகச் செய்தால் குறைந்த தூரத்தில் அதே எடையைத் தாங்கக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கும் சேர்ந்து வர வேண்டும். தாழ்த்திய வண்டி 'கட்டை'யாக ஓடுவது இதன் இயல்பு, குறை இல்லை.

கடைசியாக ஸ்பிரிங்கை வெட்டுவது. வெட்டினால் மென்மையாகும் என்று நினைப்பவர்கள் அதிகம். நடப்பது நேரெதிர்: சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். அதைவிட மோசம், ஸ்பிரிங்கின் நுனி தட்டையாகச் செதுக்கப்பட்டு, அதைத் தாங்கும் தட்டில் பதிந்து உட்கார்வதற்காகச் செய்யப்பட்டது. வெட்டிய முனை ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். இதை வழிகளில் ஒன்றாகவே நான் சேர்ப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, வண்டியின் பதிவு விவரங்கள் நிறுவனம் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவனமே கொடுத்த திருகல்களுக்குள் வேலையை முடித்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

மூன்றாவது இடம், வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே. அந்த ஆர்15-க்கு நிறுவனம் சொன்ன தரை இடைவெளி 160 மி.மீ. முன்னும் பின்னும் இறக்கியதில் நடுவில் 25 மி.மீ. போய்விட்டது. மீதி 135.

இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி கட்டிய ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அவ்வளவு அகலமான மேட்டில் இரு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். சக்கரங்களுக்கு நடுவே மேடு புடைப்பது வெறும் 12 மி.மீ.தான். 135 என்ன, 100 இருந்தாலும் தாராளமாகப் போகலாம்.

நம் ஊர்களில் அப்படி எத்தனை இருக்கிறது? ஊர்க்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டைக் கொட்டிக் கட்டியதுதான் பாதி. அதே 10 செ.மீ. உயரம், ஆனால் ஒரு முழ அகலம். முன் சக்கரம் தாண்டிவிட்டது, பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை என்ற நிலையில் அந்த 100 மி.மீ. முழுவதும் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. 135-இல் 100 போனால் 35. முன் சக்கரம் இறங்கிய வேகத்தில் ஃபோர்க் அமுங்குகிறது, பின்னால் நண்பன் உட்கார்ந்திருக்கிறான். 35 எங்கே போயிற்று என்பதை சைலன்சரின் அடியில் குனிந்து பார்த்தால் தெரியும்.

வளைவில் சாய்க்கும்போதும் இதே கதை. கால் வைக்கும் கம்பி முன்பை விட முன்னதாகவே ரோட்டில் உரசும். 'தாழ்த்தினால் ஒட்டிப் போகும்' என்பதில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் ரேஸ் வண்டி?

நேர்கோட்டில் மட்டும் ஓடும் டிராக் (drag) ரேஸ் வண்டி தாழ்வாகவும் நீளமாகவும் இருப்பது உண்மை. நேர்கோட்டில் முழு பலத்தோடு கிளம்பும்போது முன் சக்கரம் தூக்காமல் இருக்கத்தான் அப்படி. அதற்கு வளைவும் இல்லை, ஸ்பீடு பிரேக்கரும் இல்லை.

உலக பைக் பந்தயமான மோட்டோ ஜிபி வண்டிகளிலும் ஓடும்போதே பின்பக்கத்தைத் தாழ்த்தும் கருவி வந்தது. வளைவிலிருந்து வெளியேறி வேகமெடுக்கும்போது மட்டும் தாழும், அடுத்த வளைவுக்குப் பிரேக் பிடிக்கும்போது பழைய உயரத்துக்கே திரும்பிவிடும். தாழ்வுதான் எப்போதும் நல்லது என்றால் திரும்ப ஏற்றுவார்களா? ஓடும்போது முன்பக்கத்தைத் தாழ்த்துவதை 2023-லேயே தடை செய்துவிட்டார்கள், 2027 முதல் எல்லா வகைக்கும் தடை. உயரக் குறைவுக்காகவும் அங்கே யாரும் நம்மைப் போல அழுவதில்லை. டானி பெத்ரோசாவின் உயரம் 160 செ.மீ.தான். ஹோண்டாவின் மோட்டோ ஜிபி வண்டியில் பல பந்தயங்களை வென்றவர்.

காற்றும் சைடு ஸ்டாண்டும்

இப்போது அரிச்சல்முனைக்கு வருவோம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்பது, ஸ்டாண்டின் நுனி வண்டிக்கு வெளியே ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் தரையைத் தொடுவதால். வண்டி இறங்கியது, ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருக்கிறது. விளைவு, வண்டி சாய்வதற்குப் பதிலாக நிமிர்ந்து நிற்கிறது. 12 டிகிரி சாய்ந்து நின்ற வண்டியில், ஸ்டாண்டின் நுனி 25 செ.மீ. தள்ளித் தொடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 25 மி.மீ. இறக்கத்தில் அந்தச் சாய்வு சுமார் 6 டிகிரி ஆகிவிடுகிறது. பாதி. இடது பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றுக்கு ஃபேரிங் ஒரு பாய் மாதிரி. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய நாட்களில், காற்று மணிக்கு 58 கி.மீ.ஐத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். சைடு ஸ்டாண்டுக்கு அப்படி சிக்னல் கொடுக்க யாரும் இல்லை.

தாழ்த்தினால் ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டி என்றால் அதைப் போடவே இப்போது அதிகமாகத் தூக்க வேண்டியிருக்கும். மணலில் நிறுத்தினால் ஸ்டாண்டு புதைந்து வண்டி இன்னும் சாயும், அது வேறு வகைப் பிரச்சினை. ஒரு தட்டைக் கல்லை வைத்தால் தீர்ந்தது.

பழைய வண்டி என்றால் முதலில் இது

பதினைந்து வருடமான வண்டி ஏற்கெனவே தானாகவே தாழ்ந்திருக்கலாம். சோர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த புஷ் எல்லாம் சேர்ந்து. அப்படிப்பட்ட வண்டியை மேலும் இறக்குவது, ஓட்டை வல்லத்தில் பாரம் ஏற்றுவது போல. ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு சேக்கை அளந்து பாருங்கள். வண்டியைத் தூக்கிப் பின் சக்கரத்தைத் தொங்க விட்டு, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை டேப்பால் அளக்க வேண்டும். பிறகு நீங்கள் உட்கார்ந்து அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே அவர் அளக்க வேண்டும். வித்தியாசம்தான் சேக். 50 மி.மீ.க்கு மேல் வந்தால் வண்டியைத் தாழ்த்தும் பேச்சை ஒத்திவைத்துவிட்டு ஸ்பிரிங்கைப் பாருங்கள். அப்புறம், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் எண்ணெய் போயிற்று.

கடலோரத்தில் இன்னொன்று உண்டு. உப்புக் காற்றில் ஃபோர்க் குழாயின் பளபளப்பில் ஊசி முனை அளவுக்குத் துருப்புள்ளிகள் விழும். ஒவ்வொரு அசைவிலும் அவை ஆயில் சீலின் உதட்டை அறுக்கும், எண்ணெய் வழியும், வழிந்தது பிரேக் டிஸ்க்கிலும் போய்ச் சேரும். பின்பக்க நெம்பு இணைப்போ வண்டியின் அடி வயிற்றில், சக்கரம் வாரியடிக்கும் உப்பு மணலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதன் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால் எந்தப் பட்டையைப் போட்டும் பயனில்லை. தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுவதும், வருடத்துக்கு ஒரு முறை அந்த இணைப்பைக் கழற்றி கிரீஸ் வைப்பதும் லோயரிங்கை விட வண்டிக்கு அதிக நன்மை செய்யும்.

கால் எட்ட வேண்டும், அவ்வளவுதானே

தம்பியின் வண்டியில் அந்தப் பட்டைகளைக் கழற்றியபோது இணைப்பின் பேரிங் இரண்டு காய்ந்து துருவாகவே உதிர்ந்தன. புதியவை போட்டோம், பழைய பட்டைகளையே திரும்ப மாட்டினோம். ஃபோர்க்கையும் பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். அப்புறம் சீட்டை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு குஷன் கடைக்குப் போனோம்.

சீட்டின் உயரம் 790 மி.மீ. என்பது தரையிலிருந்து நேராக அளந்தது. கால் நேராக இறங்குவதில்லை, சீட்டின் அகலத்தைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. தொடை உரசும் முன்பகுதியில் இரண்டு பக்கமும் விளிம்பைச் செதுக்கி ஒடுக்கினாலே கால் கணிசமாகக் கீழே போகும், உட்காரும் இடத்தின் ஃபோம் அப்படியே இருக்கும். கடைக்கார அண்ணன் நடுவில் 15 மி.மீ. குறைத்து, இரண்டு பக்கமும் வழித்துக் கொடுத்தார். சஸ்பென்ஷனிலிருந்து ஒரு மி.மீ. கூட எடுக்கவில்லை.

இப்போது சிக்னலில் அவன் இடுப்பை இடது பக்கம் லேசாக நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றுகிறான், வலது கால் பிரேக்கில். போன வாரம் அரிச்சல்முனைக்குப் போனபோது வண்டியைக் காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டி நிறுத்தினான், கியரில் போட்டு. சுண்டல் தின்று முடிக்கும்வரை வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.